கேசட்டில் ஏறாத இசை

‘பாம்பே’ படத்தின் கேசட் தருமபுரிக்கு வந்து சேர்ந்தபோது நான் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று மாரியம்மன் பண்டிகைக்கும் கல்யாண வரவேற்புக்கும் போய் வாசிப்போம். புதுப்பட கேசட் வந்தால் அந்த வாரமே பாட்டுகளைப் பிரித்து எடுத்து ஒத்திகை பார்த்துவிட வேண்டும். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும்போது ‘இன்னும் எடுக்கவில்லை’ என்று சொன்னால் அடுத்த வருடம் அந்த ஊரில் நமக்கு மேடை கிடையாது.

வழக்கம்போல ஆளுக்கொரு பாட்டாகப் பங்கு போட்டோம். சித்ரா பாடிய ‘கண்ணாளனே’ எங்கள் பாடகிக்கு. ஹரிஹரனின் ‘உயிரே’ யாருக்கு என்பதில் இரண்டு பேருக்குள் போட்டி. ‘அந்த அரபிக் கடலோரம்’ பாட்டுக்கு ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பி ஏற்கெனவே தயாராக இருந்தான். எல்லாம் முடிந்தபின் உறையில் ஒரு உருப்படி மிஞ்சியது. பாடியவர் பெயர் கிடையாது, வரியும் கிடையாது. ‘பாம்பே தீம்’ என்று மட்டும் போட்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் வாத்திய இசை. “இது ஓடும்போது நான் மேடையில எங்க நிக்கறது?” என்று எங்கள் குழுவின் மூத்த பாடகர் கேட்டார். நியாயமான கேள்விதான். தமிழ்ப்பட கேசட்டில் பாடகருக்கு இடமே இல்லாத ஐந்து நிமிடத்தை அதற்கு முன் நாங்கள் அதிகம் சந்தித்ததில்லை.

அதிகம் இல்லை என்றுதான் சொல்கிறேன், அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்கு முந்தைய வருடம் 1994-ல் வந்த ‘டூயட்’ கேசட்டில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் தனியாகவே ஒலித்தது. அதற்கும் முன்பு 1986-ல் ‘புன்னகை மன்ன’னில் கமலும் ரேவதியும் ஆடும் அந்த வாத்திய இசைக்கு ஊரூராக ரசிகர்கள் இருந்தார்கள். ஆனால் இவற்றில் எல்லாம் திரையில் ஒருவர் வாசிப்பார், அல்லது ஒருவர் ஆடுவார். இசைக்கு ஒரு காரணம் கண்முன்னே இருக்கும். ‘பாம்பே தீம்’ அப்படி யாருக்காகவும் வரவில்லை. படத்தின் அடியில் ஓடவேண்டிய இசை, நாலு பேர் எழுந்து ஆடுகிற பாப் பாட்டுக்குப் பக்கத்தில், அதே நாடாவில், அதே மரியாதையோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

இது ஏன் அவ்வளவு புதிதாகத் தோன்றியது என்பதைப் புரிந்துகொள்ள, நம் ஊர்ப் படங்களில் இசை எந்த வரிசையில் உருவாகிறது என்று தெரிய வேண்டும். பாட்டு கேட்கிற பலருக்கு இது தெரியாது. எனக்கும் சென்னையில் ஒலிப்பதிவுகளுக்குப் போய்வந்த ஒரு வயலின்காரர் சொல்லித்தான் தெளிவானது.

தமிழ்ப் படத்தில் பாட்டுதான் முதலில் பிறக்கிறது. இயக்குநர் சூழலைச் சொல்ல, இசையமைப்பாளர் மெட்டுப் போட, கவிஞர் எழுத, பாடகர் பாட, பாட்டு முழுசாக முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் கேமரா வெளியே போகும். படப்பிடிப்புத் தளத்தில் அந்தக் காலத்தில் நாக்ரா என்ற கருவியில் பாட்டை ஓடவிடுவார்கள். நடிகர் அதற்கு வாயசைப்பார், நடன இயக்குநர் அதற்கு எண்ணிக்கை சொல்வார். பாட்டு இல்லாமல் பாட்டுக் காட்சியை எடுக்க முடியாது, அதனால் அது முதலில் வந்தே ஆக வேண்டும்.

பின்னணி இசை கடைசிப் பிள்ளை. படம் எடுத்து முடித்து, வெட்டி ஒட்டி, வசனம் பேசிச் சேர்த்து, எந்தக் காட்சி எத்தனை நொடி என்று முடிவான பிறகுதான் அதைத் தொட முடியும். சினிமாக்காரர்கள் இதை ரீரெக்கார்டிங் என்பார்கள், இன்னும் சுருக்கி ஆர்.ஆர். என்பார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது பி.ஜி.எம். ஒரே இசையமைப்பாளர்தான், ஒரே படம்தான். ஆனால் பாட்டு படத்தின் தொடக்கத்தில் செய்தது, பின்னணி படம் வெளியாகும் தேதி கழுத்தைப் பிடிக்கும்போது செய்தது. இரண்டுக்கும் நடுவில் பல மாதங்கள், சில படங்களுக்கு ஒரு வருடம்கூட ஓடியிருக்கும்.

அந்தக் காலத்தில் கேசட் எப்போது கடைக்கு வரும்? படம் வருவதற்கு முன்பே. பாட்டு உரிமையை விற்ற பணம் தயாரிப்பாளருக்குத் தேவை, பாட்டு பிரபலமாகி கூட்டத்தைத் தியேட்டருக்கு இழுத்துவருவதும் தேவை. அப்படியானால் கேசட் அச்சாகும் நாளில் பின்னணி இசை உலகத்திலேயே இருக்காது. இல்லாததை எப்படி நாடாவில் ஏற்றுவது? அதோடு நம் ஊரில் ஒரு கேசட்டுக்கு இரண்டு படம் என்ற வழக்கம் வேறு இருந்தது. ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொன்று. பக்கத்துக்கு அரைமணி நேரம். ஐந்தாறு பாட்டு போட்டால் நாடா தீர்ந்துவிடும். பின்னணி இசை கேசட்டுக்கு வராமல் போனதற்கு யாருடைய அலட்சியமும் காரணமில்லை. கால வரிசையும் நாடாவின் நீளமும் சேர்ந்து அதை வாசலிலேயே நிறுத்திவிட்டன.

அமெரிக்கப் படங்களில் வரிசை வேறு. அங்கே நாயகன் வாயசைத்துப் பாடவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லாததால், இசை என்றாலே முடிந்த படத்துக்கு எழுதுவதுதான். இசைத்தட்டும் படத்தோடு ஒட்டியே வரும். அவர்களுடைய சிக்கல் வேறு மாதிரி. பாப் பாடகர் ஒருவர், ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறவர் இன்னொருவர், இருவரையும் ஒரே உறைக்குள் வைப்பதா வேண்டாமா? 1989-ல் ‘பேட்மேன்’ படத்துக்கு இரண்டு தனி இசைத்தட்டுகள் போட்டார்கள். ஒன்று பிரின்ஸ் பாடியது, மற்றொன்று டேனி எல்ஃப்மேனின் ஆர்கெஸ்ட்ரா இசை. 1997-ல் ‘டைட்டானிக்’ வந்தபோது ஜேம்ஸ் ஹார்னரின் நீண்ட ஆர்கெஸ்ட்ரா இசையோடு செலீன் டியோன் பாடிய ஒரே ஒரு பாட்டைச் சேர்த்தார்கள். அந்த ஒரு பாட்டுக்காக வாங்கியவர்கள் மீதியையும் கேட்டார்கள். தருமபுரிப் பேருந்து நிலையத்தருகே இருந்த ஒலிப்பதிவுக் கடையிலேயே அது கிடைத்தது.

நம் ஊரில் பாடகரும் வாத்தியக்காரரும் பிரிந்து நின்றதே இல்லை. ஆர்கெஸ்ட்ரா பாட்டுக்குள்ளேயே குடியிருந்தது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இடையிசையில்தான் இளையராஜா தன் வயலின் கூட்டத்தை வைத்தார். 1991-ல் வந்த ‘தளபதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சுந்தரி கண்ணால் ஒரு சேதி’ பாட்டை மும்பையில் ஆர்.டி. பர்மனின் இசைக்குழுவைக் கொண்டு பதிவு செய்தார்கள். பாடகர்கள் நிறுத்திய இடத்தில் போர்க்களம் ஒன்று எழுந்து அடங்குகிறது. அது ஒரு காதல் பாட்டு என்பது அந்த இடத்தில் மறந்தே போகும். அதே படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ ஆட்டப்பாட்டு. ஆனால் அதன் வயலின் வாசிப்பை மேடையில் கொண்டுவர எங்கள் குழு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 2002-ல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் அந்தப் பாட்டு உலகப் பாடல்கள் வரிசையில் நான்காம் இடத்தைப் பிடித்தது.

ஆக, தமிழ்க் கேசட்டில் ஆர்கெஸ்ட்ரா இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கதைக்காக எழுதிய ஆர்கெஸ்ட்ரா இசைதான் இல்லை. ராஜா அந்த வகையில் எழுதியதெல்லாம் தியேட்டரிலேயே நின்றுவிட்டது என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். அவர் வேலை செய்த விதத்தை அந்த வயலின்காரர் விவரித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. படத்தை ரீல் ரீலாகப் போட்டுக் காட்டுவார்கள். ஆயிரம் அடி ரீல் என்றால் பதினோரு நிமிடம். ஒருமுறை பார்ப்பார். பிறகு உட்கார்ந்து தாளில் எழுத ஆரம்பிப்பார். வாத்தியத்தில் வாசித்துப் பார்ப்பது கிடையாது. முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, குழல், கிடார் என்று எல்லாருக்கும் உரியது அந்தத் தாளிலேயே வரிவரியாக இறங்கும். அதைப் பிரித்துப் படியெடுக்கத் தனி ஆட்கள். படி கைக்கு வந்ததும் ஒருமுறை ஒத்திகை, அடுத்தது டேக். திரையில் காட்சி ஓட, அதற்கு நேராக முப்பது நாற்பது பேர் ஒன்றாக வாசிக்க வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து. பதினான்கு பதினைந்து ரீல் படத்தை இரண்டு மூன்று நாளில் முடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்களாம்.

அப்படி எழுதியது எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே வழி வானொலி. ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தின் ஒலியையும் சுருக்கிப் போடுவார்களே, அதில் வசனங்களுக்கு அடியில் வயலின் ஓடும். எங்கள் வீட்டில் அம்மா வசனத்துக்காகக் கேட்பார்கள். நான் வசனம் எப்போது நிற்கும் என்று காத்திருப்பேன்.

இனி ஒகேனக்கலுக்கு வருகிறேன். மாவட்டத்துக்காரனாக இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் போக முடியாது. 1992 ஆகஸ்ட் 15-ல் ‘ரோஜா’ வெளியானது. கதைப்படி ரோஜாவின் ஊர் தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரம். ஆனால் ‘சின்னச் சின்ன ஆசை’ பாட்டில் அவள் ஆடித் திரிகிற தண்ணீர் எங்கள் காவிரி. பாட்டின் பெரும்பகுதியை ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் ஒகேனக்கலில்தான் படமாக்கினார். பென்னாகரம் சாலையில் ஓடும் பேருந்துகளில் அந்தப் பாட்டு எத்தனை காலம் ஓயாமல் ஓடியது என்று இன்றும் பலர் சொல்வார்கள். எங்கள் அருவி அதுவரை எத்தனையோ படங்களில் சண்டைக்கும் டூயட்டுக்கும் வந்திருக்கிறது. இந்தப் பாட்டில்தான் ஒரு சிறு பெண்ணின் மனசாக வந்தது.

ஏ.ஆர். ரஹ்மானுக்கு அது முதல் படம். சம்பளம் 25,000 ரூபாய். அதற்கு முன் விளம்பரங்களுக்கு இசையமைத்தவர், சிறுவயதிலேயே பல இசையமைப்பாளர்களிடம், இளையராஜாவிடமும், கீபோர்டு வாசித்தவர். கீபோர்டு வாசிக்கிறவன் என்ற முறையில் நான் அவர் இசையை முதலில் கேட்டது விரலோடுதான். ‘சின்னச் சின்ன ஆசை’யில் மின்மினியின் குரலுக்குப் பின்னால் எத்தனை வாத்தியம் என்று எண்ணினால் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நிற்பதற்கு இடம் இருக்கிறது. பேஸ் கிடாரின் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் காற்று போகிறது. தேசிய விருதுக் குழுவில் அந்த வருடம் ‘ரோஜா’வுக்கும் இளையராஜாவின் ‘தேவர் மக’னுக்கும் வாக்குகள் சமமாகிவிட, தலைவராக இருந்த பாலுமகேந்திரா தன் வாக்கை ரஹ்மானுக்கு அளித்தார். பாட்டு எழுதிய வைரமுத்துவுக்கும் ‘சின்னச் சின்ன ஆசை’க்காக விருது கிடைத்தது. 2005-ல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழில் விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ் எல்லாக் காலத்துக்குமான சிறந்த பத்து திரையிசைத் தொகுப்புகளில் ஒன்றாக ‘ரோஜா’வைச் சொன்னார். அந்தப் பத்தில் ஒன்றின் காட்சி எங்கள் ஒகேனக்கலில் எடுத்தது என்று இன்றும் நான் என்னிடம் கீபோர்டு பழகும் மாணவர்களிடம் பெருமையாகச் சொல்கிறேன்.

ஆனால் ‘ரோஜா’ கேசட்டிலும் பாட்டுகள் மட்டும்தான். காஷ்மீரில் கணவனைத் தேடி நாயகி அலையும்போது வருகிற இசையைக் கேட்க மறுபடி டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது.

இரண்டரை வருடம் கழித்து, 1995 மார்ச்சில் வந்த ‘பாம்பே’யில்தான் ரஹ்மானும் இயக்குநர் மணிரத்னமும் பாட்டு முதலில், பின்னணி கடைசியில் என்ற அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றினார்கள். படத்தின் பின்னணிக்கு ஆணிவேராக இருக்கப்போகும் மெட்டை, பாட்டுகளோடு சேர்த்து முன்கூட்டியே செய்து கேசட்டில் போட்டுவிட்டார்கள். தீம் மியூசிக் என்ற வடிவத்தின் சூட்சுமம் இதுதான். காட்சி இன்னும் நொடிக்கணக்கில் முடிவாகாதபோதே, படத்தின் மனசு என்ன என்பதை மட்டும் வைத்து ஒரு இசையை எழுதிவிட முடியும். பிறகு அதை உடைத்து, நீட்டி, சுருக்கிக் காட்சிகளுக்குப் பொருத்திக்கொள்ளலாம். கேசட் வாங்கியவர் படம் பார்க்கப் போகும்போது அந்த மெட்டு அவருக்கு ஏற்கெனவே சொந்தமாகியிருக்கும்.

அந்தத் தொகுப்பின் விரிவை யோசித்துப் பாருங்கள். ‘அந்த அரபிக் கடலோரம்’ சுத்தமான பாப் பாட்டு. தமிழில் ரஹ்மானே சுரேஷ் பீட்டர்ஸோடு சேர்ந்து பாடினார். இந்தியில் அதைப் பாடியவர் கோவாவின் பாப் பாடகர் ரெமோ ஃபெர்னாண்டஸ். ‘குச்சி குச்சி ராக்கம்மா’வில் ஹரிஹரன், ஸ்வர்ணலதாவோடு சிறுவன் ஜி.வி. பிரகாஷின் குரலும் உண்டு. ‘கண்ணாளனே’ திருமலை நாயக்கர் மகால் தூண்களுக்கு நடுவே ஓடுகிறது, ‘உயிரே’ பேக்கல் கோட்டை மழையில் நனைகிறது. இவற்றுக்கு நடுவே ‘பாம்பே தீ’மின் அந்தக் குழல். வாசித்தவர் நவீன். அவர் பெயர் எங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே ஒரு புது விஷயம். அதற்கு முன் வாத்தியக்காரர்கள் பெயர் பொதுவாக வெளியே தெரியாது. வாசித்தவர்கள் பெயரை உறையில் அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் ரஹ்மான். மேடைக் கலைஞனாக அதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூத்த பாடகர் கேட்ட கேள்விக்கு ஒரு வழியாக விடை கண்டுபிடித்தோம். சாமி பாட்டு முடிந்ததும், கச்சேரியின் தொடக்கத்திலேயே ‘பாம்பே தீம்’ வாசிப்பது. பாடகர்கள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

எங்கள் குழுவில் வயலின் ஒன்றுதான் இருந்தது, குழல்காரர் இல்லை. எல்லாம் என் கீபோர்டில்தான். கட்டைகளை நடுவில் இரண்டாகப் பிரித்து, இடது கைக்கு வயலின் கூட்டத்தின் ஒலியையும் வலது கைக்குக் குழல் ஒலியையும் வைத்துக்கொண்டேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வில் நரம்பில் பட்டு ஒலி மெதுவாக ஊறிவருகிற மாதிரித்தான் அந்த வயலின் ஒலியைக் கருவியில் அமைத்திருப்பார்கள். கட்டையை அழுத்திய அந்த நொடியே சத்தம் வராது. தாளத்தில் அழுத்தினால் தாளத்துக்குப் பின்னால்தான் கேட்கும். அதனால் இடது கை எப்போதும் ஒரு இமை முந்தியே போக வேண்டும், வலது கை சரியாகத் தாளத்தில் இருக்க வேண்டும். இரண்டு கைக்கும் இரண்டு நேரம். குழலுக்கு வேறு தொல்லை. குழல்காரர் மூச்சு விடுவார். அவர் எங்கே மூச்சு எடுத்தாரோ அங்கே என் விரலும் கட்டையை விட்டு எழ வேண்டும். எழாமல் ஒட்டி வாசித்தால் சுரமெல்லாம் சரியாக இருக்கும், குழல் மட்டும் இருக்காது. நவீன் எங்கெங்கே மூச்சு விடுகிறார் என்று நாடாவைத் திருப்பித் திருப்பிக் கேட்டு பென்சிலால் குறித்துவைத்தேன். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் வழுக்கிப் போகும் இடங்களுக்கு இடது பக்கச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். இடது கையோ வயலினில் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த இடங்களில் வயலினை எங்கள் குழு வயலின்காரரிடம் ஒப்படைத்துவிட்டுச் சக்கரத்துக்குப் போவேன்.

மைதானத்தில் இன்னொரு சோதனை. ஊர்ப் பண்டிகை மேடைகளில் கம்பத்தில் கட்டியிருப்பது குழாய் ஸ்பீக்கர். மனிதக் குரலை இரண்டு கிலோமீட்டர் கொண்டுபோகும், ஆனால் அடிச்சுரம் எதையும் வெளியே விடாது. செல்லோ போகிற இடமெல்லாம் காணாமல் போய்விட்டது. தொடக்கத்தில் மேடையில் எங்களுக்கு அருமையாகக் கேட்டது, கீழே கேட்டவர்களுக்குக் குழல் மட்டும் அநாதையாக ஒலித்தது. பிறகு கீழ்ப்பகுதியை முழுசாக ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசித்தோம். கனம் குறைந்தாலும் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சில ஊர்களில் “பாட்டு எப்பப்பா ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டார்கள். பாலக்கோட்டுப் பக்கம் ஓர் ஊரில் இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு சீட்டு வந்தது. ‘முதல்ல வாசிச்ச பாட்டில்லாத பாட்டு’ என்று எழுதியிருந்தது. மறுபடி வாசித்தோம்.

என் பெரியப்பா தெருக்கூத்தில் முகவீணை ஊதியவர். எங்கள் பக்கத்தில் பாரதக்கூத்து விடிய விடிய நடக்கும். திரைக்குப் பின்னால் வேடக்காரர் நிற்க, முகவீணையும் மிருதங்கமும் தாளமும் சேர்ந்து வாசித்த பிறகுதான் அவர் வெளியே வருவார். வாசிப்பைக் கேட்டே வரப்போவது துரியோதனனா திரௌபதியா என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். பாட்டுக்கும் அவர்கள்தான், சண்டைக்கும் அவர்கள்தான், அழுகைக்கும் அவர்கள்தான். பாட்டு ஒருநாள், பின்னணி ஒருநாள் என்று கூத்தில் கிடையாது. ஒருநாள் நான் வீட்டில் ‘பாம்பே தீம்’ பழகிக்கொண்டிருந்தபோது பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து முழுதும் கேட்டார்.

“ஆள் வர்றதுக்கு முன்னாடி நாங்க ஊதுவோமே கண்ணு, அதாட்டம் இருக்குது. யாரு வரப்போறாங்க?”

“யாரும் வரல பெரியப்பா. அவ்ளோதான், முடிஞ்சிருச்சு.”

“அப்ப யாரோ போயிட்டாங்க. அதுக்கு ஊதறான்.”

அவர் படம் பார்க்கவில்லை. 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டபின் பம்பாயில் நடந்த கலவரத்தைப் பற்றிய படம் அது, கபீர் நாராயண், கமல் பஷீர் என்று இரண்டு மதத்தின் பெயரையும் சுமக்கும் இரட்டைக் குழந்தைகள் நெருப்புக்கு நடுவே தொலைந்துபோகிறார்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல் இல்லாத இசை கதையைத் தாங்குமா என்று கேட்கிறவர்களுக்கு நான் பெரியப்பாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்.

அந்த ஐந்து நிமிடம் பிறகு எங்கெங்கோ போனது. 1996-ல் தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படத்தில் வந்தது. 1998-ல் ஸ்பெயினின் இபிசா தீவுக் கடற்கரை மதுவிடுதி ஒன்று வெளியிடும் ‘கஃபே தெல் மார்’ தொகுப்பில் சேர்ந்தது. 2002-ல் பாலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமான் தன் ‘டிவைன் இன்டர்வென்ஷன்’ படத்தில் பயன்படுத்தினார். 2005-ல் ஆயுத வியாபாரி ஒருவனைப் பற்றிய ‘லார்ட் ஆஃப் வார்’ படத்திலும் கேட்டது. அந்தப் படங்கள் எல்லாமே மனிதர்கள் பிரிக்கப்படுகிற, காயப்படுகிற கதைகள். 2007-ல் லண்டனின் ‘கார்டியன்’ நாளிதழ் சாவதற்கு முன் கேட்கவேண்டிய ஆயிரம் தொகுப்புகள் என்று ஒரு பட்டியல் போட்டபோது ‘பாம்பே’யும் அதில் இருந்தது. பாட்டுகள் மட்டுமே கேசட்டில் வந்திருந்தால், அந்த மெட்டு இத்தனை கைகளுக்குப் போயிருக்க வழியே இல்லை.

பாட்டு, பின்னணி என்ற வரிசையைத் தலைகீழாகவே புரட்டிப்போட்ட படம் ஒன்று உண்டு. 2000-ல் வந்த கமல்ஹாசனின் ‘ஹே ராம்’. அதற்கு முதலில் இசையமைக்க இருந்தவர் வயலின் மேதை எல். சுப்ரமணியம். பாட்டுக் காட்சிகளைப் படமாக்கிய பிறகு அவர் விலக நேர்ந்தது. இளையராஜாவிடம் போனார் கமல். காட்சிகளைத் திரும்ப எடுக்க வேண்டாம், எடுத்தது எடுத்தபடி இருக்கட்டும், அந்த வாயசைவுக்கே புதிதாக மெட்டும் வரியும் பொருந்தும்படி செய்துவிடலாம் என்றார் ராஜா. அதாவது பாட்டையே பின்னணி இசை மாதிரி முடிந்த படத்தைப் பார்த்து எழுதினார். ‘நீ பார்த்த பார்வை’யில் ஹரிஹரனும் ஆஷா போஸ்லேயும் பாடுவது வேறொரு மெட்டுக்கு அசைந்த உதடுகளின் மேல். தெரியாதவர்கள் எவரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆர்கெஸ்ட்ரா இசையை ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பதிவு செய்தார்கள். பாட்டும் பின்னணியும் ஒரே காலத்தில், ஒரே கண்ணால் பார்த்து எழுதப்பட்டதால், அந்தப் படத்தில் பாட்டு எங்கே முடிகிறது, பின்னணி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடிவதில்லை. நம் சினிமாவில் இரண்டு இசையும் இவ்வளவு நெருங்கி நின்றதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதை நெருக்கடிதான் கொண்டுவந்தது என்றாலும், ஒருமுறை முடிந்தது இன்னொருமுறையும் முடியும்தானே?

இன்று நாடாவும் இல்லை, பக்கத்துக்கு அரைமணி என்ற கட்டும் இல்லை. பாட்டுகள் படத்துக்கு முன் ஒவ்வொன்றாக வருகின்றன. படம் ஓடி முடிந்த சில வாரங்களில் பின்னணி இசையைத் தனித் தொகுப்பாக வெளியிடுகிற வழக்கமும் பெருகிவிட்டது. என்னிடம் கீபோர்டு பழக வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் முதலில் கேட்பது பாட்டில்லை, நாயகன் நடந்துவரும்போது வருகிற பி.ஜி.எம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, மகிழ்ச்சிதான். அதில் பெரும்பாலானவை அறிமுகக் காட்சிகளுக்கான அதிரடி என்பதால், மெதுவாக நடக்கிற நாலு நிமிட வயலின் ஒன்றையும் கூடவே பழகச் சொல்கிறேன்.

என் கவலையெல்லாம் பழையவற்றைப் பற்றித்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த முப்பது நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தது காந்த நாடாவில் இருக்கிறது. காந்த நாடா வயதாக ஆகப் பூச்சு உதிர்ந்து ஒலியை இழக்கும், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். வசனமும் இரைச்சலும் கலக்காத இசை நாடா எங்கெங்கே மிஞ்சியிருக்கிறதோ, அதை வைத்திருக்கும் தயாரிப்பாளர்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் இப்போதே கணினிக்கு மாற்றி, பழைய பாட்டுகளோடு சேர்த்து வெளியிட வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால் 1978-ன் ‘முள்ளும் மலரும்’ என்பேன். மகேந்திரன் வசனத்தைக் குறைத்து இசையை நம்பி எடுத்த படம். கடைசியில் வள்ளி எல்லாரையும் விட்டுவிட்டு அண்ணன் காளியிடம் திரும்பி ஓடிவரும் இடத்துக்கு ராஜா எழுதியதை, வசனம் கலக்காமல், வாசித்தவர்கள் பெயரோடு, ‘செந்தாழம் பூவில்’ பாட்டுக்கு அடுத்து கேட்கும்படி யாராவது போட்டால் முதல் பிரதி எனக்கு.